“எனக்கு வரைய வராது” என்கிற பிள்ளைக்கு

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் பட்டறை நடத்துகிறோம். “எனக்கு வரைய வராது” என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதல் அரை மணி நேரம் பிள்ளைகளிடமிருந்து அழிரப்பரை வாங்கி வைத்துவிடுங்கள். என் வகுப்பில் நான் அப்படித்தான் செய்வேன். ஒரு வட்டம், இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. புருவத்தின் உள்முனையை இறக்கினால் கோபம், ஏற்றினால் கவலை. இதைக் கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் பென்சிலைக் கீழே வைக்காது! கட்டத்துக்கு வெளியே பாதி ஓடிவிட்ட ஒரு குச்சி மனிதனின் ஒற்றைக் காலை ஒரு சிறுமி வரைந்தாள்; அந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று, வசனத்தை முதலில் எழுதட்டும், பேச்சைக் காட்டும் குமிழான பலூனை அதைச் சுற்றிப் போடட்டும். நம் சொற்கள் நீளமானவை. பலூன் முந்தினால் கடைசி எழுத்துகள் நசுங்கிவிடும்.