தலைமையாசிரியராகப் பதவி உயர்வு: கையெழுத்துக்கு முன் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: 19 ஆண்டுகளாகக் கணிதப் பட்டதாரி ஆசிரியை. இப்போது அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போகிறேன். அங்கே 5 மாதமாக மூத்த ஆசிரியர் ஒருவர் தலைமையாசிரியர் பொறுப்பைக் கூடுதலாகப் பார்க்கிறார், என்னைவிடப் பெரியவர். முதல் வாரம் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

பதில்: போன அன்றே பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் மேசைக்கு வரும். "எல்லாம் சரியா இருக்கு மேடம், கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் எண்ணாமல் போடாதீர்கள். பட்டியலில் 42 நாற்காலி, அறைகளில் 36 என்றால், தணிக்கை வரும்போது அந்த 6 நாற்காலிக்கு விளக்கம் எழுதப்போவது நீங்கள்தான்.

ரொக்கப் புத்தகத்தில் தொடங்குங்கள். வங்கியில் அன்றைய தேதி வரை பாஸ்புக் பதிந்து வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புத்தகத்தில் 18,400 ரூபாய், பாஸ்புக்கில் 23,900 என்று இருந்தால் பதற வேண்டாம். கொடுத்த காசோலை ஒன்று இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கலாம். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் 5,500 ரூபாய்க்கு எண்ணும் தேதியும் கிடைத்தால், அதை ரொக்கப் புத்தகத்திலேயே குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். பாஸ்புக்கில் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பணம் போயிருந்து பதிவு இல்லாமல் இருக்கலாம், அல்லது செலுத்தியது இன்னும் வங்கியில் ஏறாமல் இருக்கலாம். வங்கிக் கட்டணமா, பற்றுச்சீட்டு ஏறாத செலவா என்று தெரியும்வரை உங்கள் கையால் இருப்பு எழுதாதீர்கள்.

அடுத்து எழுதப்படாத மாற்றுச் சான்றிதழ் புத்தகமும் ரசீதுப் புத்தகமும். வரிசை எண்ணைப் பார்த்துத் தாள் தாளாகப் புரட்டுங்கள். ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி காணாமல் போவதைவிட, வெற்று மாற்றுச் சான்றிதழ் ஒரு தாள் காணாமல் போவது ஆபத்து. அதில் யார் பெயர் வேண்டுமானாலும் ஏறலாம்.

மடிக்கணினி, புரொஜெக்டருக்கு எண்ணிக்கை போதாது. பின்பக்க வரிசை எண் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். "வீட்ல இருக்கு, திங்கட்கிழமை கொண்டு வர்றேன்" என்றால், பட்டியலில் அந்த வரியிலேயே "நேரில் காட்டப்படவில்லை" என்று எழுதி இருவரும் தேதியிடுங்கள். பட்டியல் மூன்று பிரதி. இதற்கு இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

எண்ணத் தொடங்கும் முன்பே அந்த மூத்த ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். இது சந்தேகம் இல்லை, 5 மாதப் பொறுப்பிலிருந்து அவரும் சுத்தமாக விடுபட இதுதான் வழி என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். "சார், இந்தப் பள்ளியில எதை மாத்தக் கூடாது?" என்று கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையை ஒரு மாதம் தொடாதீர்கள். யாருக்கு ஏன் முதல் பாடவேளை இல்லை என்பதற்குப் பின்னால் பேருந்து நேரமோ, உடல்நலமோ இருக்கும். அது தாளில் தெரியாது.

வருகைப் பதிவேட்டில் மட்டும் முதல் நாளிலிருந்தே உறுதி வேண்டும். காலிக் கட்டம் மாலைவரை காலியாகக் கிடக்கக் கூடாது: கையெழுத்து, அல்லது விடுப்பு, அல்லது பிறபணி (பள்ளிக்கு வெளியே அலுவல் வேலை). "அப்புறம் லெட்டர் தர்றேன்" என்பதை ஒருவருக்கு விட்டால், ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்புக் கணக்கு எல்லோருக்கும் குழம்பும். முதல் தவறை உங்கள் அறையில், கதவைச் சாத்தி, வாய்மொழியாகச் சொல்லுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் வேண்டாம். மீண்டும் நடந்தால் தேதி, நிகழ்வு, பதில் தரவேண்டிய நாள் மூன்றும் உள்ள குறிப்பாணை (மெமோ) கொடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் வாய்மொழி, சமாதானம், உள்விசாரணை எதுவும் கூடாது. ஆசிரியர் அல்லது ஊழியர் மீது ஒரு குழந்தை பாலியல் புகார் சொன்னால் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை. பள்ளியின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும், அந்தக் குழந்தைக்கு அங்கே இருக்கும் ஒரே அதிகாரம் நீங்கள்தான். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள்.

இந்த ஓட்டத்தில் உங்கள் சொந்தக் காகிதம் ஒன்று விட்டுப்போகும். புதிய ஊதியத்தைப் பதவி உயர்வு நாளிலிருந்து நிர்ணயிப்பதா, பழைய பதவியின் அடுத்த ஊதிய உயர்வு நாளிலிருந்தா என்று விருப்பம் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்தில் கொடுத்து, பணிப்பதிவேட்டில் அது ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.