பெயரில்லாத அந்தச் சீனப் பெண்

வணக்கம் ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமின் 'தி லெட்டர்' சிறுகதையை எடுத்தோம். கல்லூரி மாணவி ஒருத்தி, "இது இனவெறிக் கதை டீச்சர், இதை ஏன் படிக்கணும்?" என்று கேட்டாள். "அந்தக் காலம் அப்படிம்மா" என்றேன். அவள் சமாதானமாகவில்லை. எனக்கே அந்தப் பதில் போதவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓர் ஆசிரியை, பினாங்கு

அன்புள்ள டீச்சர்,

அந்த மாணவியின் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் கதையைப் படித்துவிட்டே கோபப்படச் சொல்லுங்கள்.

கதையின் மூலம் எங்கள் கோலாலம்பூரில் நடந்தது. 1911 ஏப்ரலில், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் வீட்டில், அவர் மனைவி எத்தல் ப்ரவுட்லாக் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றாள். மானத்தைக் காக்கச் சுட்டேன் என்றாள். தூக்குத் தண்டனை விதித்தார்கள். சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். மாம் இதைச் சிங்கப்பூருக்கு நகர்த்தி, கணவனை ரப்பர் தோட்டத் துரையாக்கினார்.

கதையில், செத்தவன் ஒரு சீனப் பெண்ணோடு வாழ்ந்தவன் என்று தெரிந்ததும் வெள்ளைக்காரர்களுக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விடுகிறது. 1921இல் மலாயா வந்து அவர்களோடு உட்கார்ந்து பேசியவர் மாம். வெள்ளைக்காரர்கள் கூடும் அந்த கிளப் மனசை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார். இந்த வெறி கதைமாந்தருடையது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அதே சீனப் பெண்ணுக்கு மாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கூட வாழ்ந்தவனைப் பறிகொடுத்தவள் அவள். கதைக்கோ, சுட்டவள் செத்தவனுக்கு எழுதிய கடிதத்தை விற்க வந்தவள் அவள், அவ்வளவுதான். இந்தப் பழியை கிளப்காரர்கள் மேல் போட முடியாது. இது மாம் செய்தது.

"காலம் அப்படி" என்கிறோமே, யாருடைய காலம் டீச்சர்? அப்படி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போன என் பாட்டிக்கும் அதுதானே காலம்? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றபிறகு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த ஆட்களில் ஒருத்தியாக வந்தவள். துரை, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைப் பார்த்த பார்வை சரியென்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளுக்கு எழுதவும் தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவியை, சீனப் பெண்ணே பேசுவதாக ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். முதலில் அவளுக்கு ஒரு பெயர் வைக்கட்டும். எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள்.