சமாதானம் இல்லாமல் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். குவைத்தில் 2 வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. 4 வயது மகளை மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பாதி கட்ட வேண்டுமாம். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கு ஒரு வேத வசனம் எழுதித் தருவார்களே, அந்த வாக்குத்தத்த அட்டையில் எனக்குக் கிடைத்தது, தேவன் ஆபிராமைத் தன் தேசத்தை விட்டுப் புறப்பட்டுப் போகச் சொன்ன வசனம். அதுதான் தேவனுடைய பதில் என்கிறார் மாமியார். எனக்கோ மனதில் சமாதானமே இல்லை. இது அவிசுவாசமா?

பதில்: இல்லை, சகோதரி. அதே வசனம் உங்கள் சபையில் வேறு சிலருக்கும் வந்திருக்கும். அவர்களும் குவைத்துக்குக் கிளம்ப வேண்டுமா என்ன? தவிர, ஆபிராம் புறப்பட்டபோது மனைவி சாராயையும் சகோதரன் மகன் லோத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனார். மாமியாரிடம் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் வேதத்தில் படிக்க வேண்டியது நெகேமியாவை. பெர்சிய ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரராக இருந்த யூதர் அவர். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்பட்டு, உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில்தான், ஏறக்குறைய 4 மாதம் கழித்து. "என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டதும் மனதுக்குள் ஒரு ஜெபம். அதன் பிறகு அவர் பேசுவதெல்லாம் கணக்காக வருகிறது: போய்வர எத்தனை காலம் ஆகும் என்று ராஜா கேட்டதற்குப் பதில், வழியில் உள்ள அதிபதிகளுக்கு ராஜாவின் கடிதங்கள், மரத்துக்கு வனக் காவலாளன் ஆசாப்புக்கு ஒரு கடிதம். எருசலேம் போய்ச் சேர்ந்த பிறகும், யாரிடமும் சொல்லாமல் இரவில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். விசாரிப்பது அவருடைய விசுவாசத்துக்குக் குறைவாக இருக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது இந்தியச் சட்டம். உங்களிடம் கேட்டிருப்பது 4 லட்சம்! தேவன் பேசவில்லை என்று தவிக்கிறீர்கள். அந்தத் தொகையே போதுமான பதில் என்பேன். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். இருந்தாலும், இந்தத் தொகை எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலைதான் வேண்டுமென்றால், சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களை அனுப்புகிறது. அங்கே விசாரியுங்கள்.

சமாதானம் இல்லை என்பதை மட்டும் வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். அது பணத்தைப் பற்றிய பயமா, மகளைப் பிரிகிற வேதனையா என்று பிரித்துப் பாருங்கள். பணம் என்றால் விசாரித்ததும் தெளிந்துவிடும். மகள் என்றால், அது நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே! ஜெபத்தையும் அவரோடு சேர்ந்தே பண்ணுங்கள். அதுவரை வெள்ளிக்கிழமைக் கெடு ஏஜென்டின் அவசரம்தான்; ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.