குழந்தை பிறந்து 4 நாள். தாய்ப்பால் போதவில்லை என்கிறார்கள். பவுடர் பால் கொடுக்கலாமா?

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிறுநீரைப் பாருங்கள். 5-ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 முறையாவது துணி நன்றாக நனைந்து, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளாக மாறினால் பால் போதுகிறது. முதல் சில நாள்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்க, மேலுதட்டைக் காம்பால் தொட்டு, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்ததும் குழந்தையை மார்போடு அணையுங்கள், நீங்கள் குனியாதீர்கள். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேலே சற்றுத் தெரிந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறது. வலி நீடித்தால், வாயோரம் விரல் விட்டு விடுவித்து மறுபடி போடுங்கள்.

நாளுக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் கொடுங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை குறைவாகச் சப்பும், சுரப்பும் குறையும். மருத்துவர் சொன்னால் மட்டும் பவுடர் பால். அப்போது தயங்க வேண்டாம். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன், பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரலாம்.

எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.