மாவுக்கட்டைப் பிரித்ததும் தொடை சூம்பிவிட்டதே, பரம்பரைக் கோளாறா?

கேள்வி: வயது 46, எடை 60 கிலோ. போச்சம்பள்ளி பக்கம் மாமரத்திலிருந்து விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்தது. தொடைவரை மாவுக்கட்டு, ஆறு வாரம். பிரித்துப் பார்த்தால் வலது தொடை சூம்பியிருக்கிறது. தம்பிக்கு 25 வயதில் கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டார்கள். அவனுக்கு இப்படி ஆகவில்லை. எனக்கு ஜீன் கோளாறா? டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: தம்பியின் முழங்கால் அசைந்துகொண்டிருந்ததால் தொடைக்கு ஓரளவு வேலை இருந்தது. உங்களுக்கு அதுவும் பூட்டிக்கிடந்தது, வயதும் கூடுதல். இந்த இரண்டுமே போதுமான காரணங்கள்.

ஜீனுக்கும் பங்கு உண்டு. கால் அசையாமல் கிடந்தால் தசையில் புதுப் புரதம் உருவாவது குறையும். கூடவே அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற இரண்டு ஜீன்கள் முடுக்கிவிடப்படும். 2001-இல் கண்டறியப்பட்ட இவை, உடைக்க வேண்டிய தசைப் புரதங்களுக்கு அடையாளம் இடுகின்றன. இவை எல்லோருக்கும் இருப்பவை, கோளாறு அல்ல. ஆரோக்கியமான இளைஞர்களுக்கே ஐந்து நாள் மாவுக்கட்டிலேயே தொடைத் தசை சுமார் 3.5 சதவீதம் குறைகிறது. பலம் அதைவிட வேகமாக, 9 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. யாருக்கு எவ்வளவு கரையும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் டெஸ்ட் முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்தை முட்டைக்கும் கொள்ளுக்கும் செலவிடுங்கள்.

காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். 5 முதல் 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. பலர் மூச்சை அடக்கி இடுப்பால் அழுத்துவார்கள். தொடை சும்மா இருக்கும். முழங்கால் சிரட்டைமேல் விரல் வைத்துப் பாருங்கள், அது மேல்நோக்கி நகர வேண்டும். பிறகு, இடது முழங்காலை மடக்கிப் படுத்து, வலது காலை நேராக ஒரு அடி தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். தூக்கும்போது முழங்கால் மடங்கினால் தொடை இன்னும் தயாராகவில்லை. துண்டுப் பயிற்சியையே தொடருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எலும்பு மருத்துவர் எடை ஊன்றச் சொன்ன பிறகுதான்.

புரதம் நாளுக்கு 72 கிராம் வேண்டும். களிக்கு 150 கிராம் கேழ்வரகு மாவு எடுத்தாலும் 10 கிராம்தான் வரும். இரண்டு முட்டையில் 12, 50 கிராம் கொள்ளில் 11, கால் லிட்டர் பாலில் 8, 100 கிராம் கோழிக்கறியில் 25. மீதி சோறு, பருப்பில் வந்துவிடும். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள், பவுடர் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

வெளியே போக முடியாவிட்டால், 2021-இல் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சிரட்டையின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். பலம் முதலில் திரும்பும், சுற்றளவு மாதக்கணக்கில்தான் கூடும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம். பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால் நரம்பு அழுந்தியிருக்கலாம். கட்டுப் போடாத இடது காலும் மெலிந்தால், அப்போதுதான் பரம்பரைத் தசைநோயைப் பற்றி யோசிக்க வேண்டும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.