நீலமாகும் குழாயும் மச்சாளின் 62 மேற்கோளும்

கேள்வி: முதுதத்துவமாணி இரண்டாம் வருடம் படிக்கிறேன். இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசனில் வல்லாரைச் சாறு கலந்து, காயத்துக்குப் போடும் மென்படலம் செய்கிறேன். அதில் ஏற்றிய புரதம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்க லௌரி முறையை எடுத்தேன். உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான், தைரியமாகச் செய் என்றார்கள். ஆனால் புரதமே போடாத படலத்தை ஊறவைத்த கரைசலும் நீலமாகிறது. இன்னொரு கவலை. என் மச்சாள் பிணைப்பு உளவியலில், அதாவது குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பாசப் பிணைப்பு பற்றி, ஆய்வு செய்கிறார். அவருடைய ஒரு கட்டுரைக்கு 62 மேற்கோள்; என்னுடைய ஒரே கட்டுரைக்கு இரண்டு வருடத்தில் 4. வீட்டில் இதே பேச்சு. விரிவுரையாளர் விண்ணப்பத்திலும் எச்-சுட்டெண், அதாவது கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் எண், கேட்கிறார்கள். என் வேலை பிரயோசனமில்லாததா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: முதலில் குழாயைப் பார்ப்போம். மச்சாளின் எண்ணிக்கைக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

லௌரியும் அவருடைய சகாக்களும் 1951இல் எழுதிய முறையில் இரண்டு படிகள். காரக் கரைசலில் தாமிரம் புரதத்தின் பெப்டைட் பிணைப்புகளைப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் ஃபோலின் கரைசலைச் சேர்த்தால் அது ஒடுக்கப்பட்டு நீலமாகிறது. அந்த நீலத்தில் பெரும்பங்கு புரதத்திலுள்ள டைரோசின், டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலங்களால் வருவது. டைரோசினில் இருப்பது ஒரு ஃபீனோல் வளையம். வல்லாரைச் சாற்றிலும் ஃபீனோல்கள் தாராளம். மூலிகைச் சாறுகளில் மொத்த ஃபீனோல் அளவைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடங்களில் எடுப்பதும் இதே ஃபோலின் போத்தலைத்தான். ஆகவே புரதம் போடாத உங்கள் வெற்றுக் குழாய் நீலமானதில் குற்றம் ஒன்றுமில்லை. கரைசல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. படலத்திலிருந்து கசிந்த வல்லாரையை அளந்து காட்டியிருக்கிறது.

கைட்டோசனும் சேர்ந்து குழப்பியிருக்கலாம். அது அமிலத்தில் கரையும். பிஎச் ஏறத்தாழ 6.5ஐத் தாண்டினால் வீழ்படியத் தொடங்கும். லௌரிக் கரைசலோ கடும் காரம். படலத்திலிருந்து கரைந்து வந்த சிறிதளவு கைட்டோசன் அங்கே மெல்லிய கலங்கலாகும். 750 நனோமீற்றரில் வாசிக்கும்போது கருவிக்கு நிறமும் கலங்கலும் ஒன்றுதான், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். வாசிக்குமுன் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் ஒரு அச்செழுத்துத் தாளை வைத்துப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு மங்கினால் அந்த அளவீட்டை எழுத வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. நான்கு வகைப் படலம் செய்யுங்கள்: கைட்டோசன் மட்டும், கைட்டோசனும் வல்லாரையும், கைட்டோசனும் புரதமும், மூன்றும் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே கரைசலில், ஒரே நேரம், ஒரே வெப்பநிலையில் ஊறவையுங்கள். இரண்டாவதன் வாசிப்பு முதலாவதைவிட எவ்வளவு கூடுதலோ அதுதான் வல்லாரையின் பங்கு. நியமக் கோட்டை, அதாவது தெரிந்த புரத அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோட்டை, வடித்த நீரில் போடாதீர்கள். படலத்தை ஊறவைத்த அதே தாங்கற்கரைசலில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) போடுங்கள். அது ட்ரிஸ் என்றால் வெற்றுக் குழாயிலேயே நிறம் ஏற்றும். ஈ.டி.டீ.ஏ. இருந்தால் தாமிரத்தை அது பிடித்துவைத்துக்கொண்டு நிறத்தைக் குறைக்கும். மெர்கப்டோஎதனோல், டி.டி.டீ. போன்ற தயோல்கள் ஃபோலினைத் தாங்களே ஒடுக்கிவிடும். இவற்றில் ஏதாவது உங்கள் கரைசலில் இருக்கிறதா என்று இன்றே குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது மீட்புச் சோதனை. புரதம் ஏற்றாத வல்லாரைப் படலத்தின் ஊறல் கரைசலை எடுத்து, மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரும்படி மாட்டுக் குருதி அல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்து அளவிடுங்கள். 48 அல்லது 52 என்று வந்தால் உங்கள் அளவீட்டை நம்பலாம். 75 வந்தால் அந்த 25 புரதம் அல்ல. ஆய்வேட்டில் இந்த ஒரு வரி இருந்தாலே வாய்மொழிப் பரீட்சையில் பாதிக் கேள்விகள் எழாது.

வல்லாரையை விலக்க வேண்டுமானால் ட்ரைகுளோரோஅசற்றிக் அமிலம் இறுதிச் செறிவு 10 வீதம் வரும்படி சேர்த்து, பனிக்கட்டியில் 30 நிமிடம் வைத்து, மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிந்ததைக் குளிர் அசற்றோனால் கழுவி, சிறிதளவு ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்து அளக்கலாம். தனின்கள் என்ற ஃபீனோல் வகைகள் சில புரதத்தோடு ஒட்டிக்கொண்டே கீழிறங்கும் என்பதால் புரதமில்லாத படலமும் இதே பாதையில் போக வேண்டும். பிரட்ஃபோர்ட் முறைக்கு மாறலாம் என்றும் யாராவது சொல்வார்கள். 1976இல் வந்த அந்த முறை கூமாசி நீலச் சாயம் புரதத்தில் ஒட்டுவதை 595 நனோமீற்றரில் வாசிக்கிறது. வேகமானது, ஃபீனோல் தொல்லையும் குறைவு. ஆனால் அந்தச் சாயம் எதிரேற்றம் கொண்டது; கைட்டோசன் நேரேற்றம் கொண்டது. இரண்டும் சந்தித்தால் என்னாகும் என்பதை முதலாவது படலத்தை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லௌரியோடேயே தொடர்வதானால் கைப்பழக்கம் ஒன்று முக்கியம். கார ஊடகத்தில் ஃபோலின் கரைசல் மிகச் சீக்கிரம் சிதைந்துவிடும். பத்துக் குழாய்க்கும் வரிசையாக ஊற்றிவிட்டுப் பிறகு கலக்கினால், முதலாவது குழாயின் ஃபோலின் கலக்குமுன்னரே செத்துவிடும். ஒன்றில் ஊற்று, உடனே கலக்கு, அடுத்ததுக்குப் போ. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எல்லாக் குழாய்க்கும் ஒரே இடைவெளி கொடுங்கள்.

இப்போது மேற்கோளுக்கு வருவோம். நேச்சர் சஞ்சிகை 2014இல் அதிகம் மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது லௌரியின் கட்டுரை முதலிடத்தில் இருந்தது, 3 இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களோடு. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறுக்குள் வரவேயில்லை. புரதம் அளந்த ஒவ்வொருவரும் முறைப் பகுதியில் லௌரியை ஒரு வரி எழுதினார்கள்; அந்த வரிகள்தான் 3 இலட்சமாகின. இரட்டைச் சுருள் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது, அதற்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதை எண்ணிக்கை சொல்லும். உங்கள் மாதிரிக்கு அது பொருந்துமா என்பதை அந்த வெற்றுக் குழாய்தான் சொல்ல முடியும்.

மச்சாளின் 62ஐயும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். பிணைப்பு உளவியலின் அடிப்படை எழுத்துகள் பல நூல்களாகவே வந்தவை: போல்பியின் மூன்று பாகங்கள் (1969, 1973, 1980), எய்ன்ஸ்வேர்த் குழுவின் 1978ஆம் ஆண்டு நூல். எய்ன்ஸ்வேர்த்தின் சோதனையில் எட்டுக் கட்டங்கள், பெரும்பாலும் மும்மூன்று நிமிடங்கள். ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தாய் புதிய அறையில் விட்டுப் போய்த் திரும்பி வருகிறார். ஒரு கட்டத்தில் குழந்தை தனியாகவே இருக்கிறது. திரும்பி வந்த தாயைக் குழந்தை எப்படி எதிர்கொள்கிறது என்பதை வைத்து வகைப்படுத்துகிறார்கள். அந்த முறையை அப்படியே எடுத்தவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதோடு வாதாடுபவர்களும் காட்டுகிறார்கள். 1980களில் ஜப்பானின் சப்போரோவில் தகாஹாஷி இதைச் செய்தபோது பல குழந்தைகள் தனியாக விடப்பட்டதுமே தாங்க முடியாமல் அழுதார்கள். அங்கே குழந்தைகள் தனியே இருப்பது அரிது. அப்படியானால் அந்த அழுகையை பிணைப்பின் குறை என்று எப்படி எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அம்மம்மாவும் சித்தியும் மாறிமாறித் தூக்கி வளர்க்கும் வெள்ளவத்தை வீட்டுக் குழந்தைக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். இத்தகைய விவாதம் நடக்கும் துறையில் மேற்கோள் வேகமாகச் சேரும், அதிலும் மச்சாளுடையது மீளாய்வுக் கட்டுரையாக இருந்தால் இன்னும் வேகமாக. அவரிடம் கேட்டுப் பாருங்கள், 62இல் எத்தனை பேர் அவருடைய முடிவைப் பயன்படுத்தினார்கள், எத்தனை பேர் முன்னுரையில் ஒரு வரியில் கடந்துபோனார்கள் என்று. ஆய்வு செய்பவர் என்பதால் அவருக்கும் அது தெரிந்துகொள்ள விருப்பமான கேள்விதான்.

அவருடைய 62 கூகுள் ஸ்கொலரில் பார்த்ததா, ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் பார்த்ததா? ஸ்கொலர் நூல், ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தான் தெரிந்தெடுத்த மூலங்களை மட்டும் எண்ணும். ஒரே ஆளுக்கு இரண்டிலும் இரண்டு எண்கள் வரும். வெவ்வேறு துறைகளை ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ஸ்கோபஸில் துறைக்கேற்பச் சீராக்கிய அளவு ஒன்று உண்டு. அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி அதில் 1.00. உங்கள் 4, உங்கள் துறையில் சராசரிக்கு மேலேயே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கட்டுரையை வைத்து அந்த எண்ணையும் பெரிதாக எடுக்க வேண்டாம். இன்னும் இரண்டு பேர் மேற்கோள் காட்டினால் அது துள்ளி மேலே போய்விடும்.

சஞ்சிகையின் தாக்கக் காரணியை, அதாவது அதன் அண்மைக் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோளை, காட்டி யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள். திரவிய விஞ்ஞானக்காரர் எல்லோரும் அறிந்த படிகவியல் சஞ்சிகை ஒன்றின் காரணி 2008இல் 2ஐ ஒட்டி இருந்தது. 2009இல் 49.9 ஆனது. காரணம், படிக அமைப்பைத் தீர்க்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரை. மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். மற்றக் கட்டுரைகள் ஒரே இரவில் இருபது மடங்கு நல்லதாகிவிடவில்லை.

எச்-சுட்டெண் கணக்கு சுலபம், ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்தது. கட்டுரைகளை மேற்கோள் இறங்குவரிசையில் அடுக்குங்கள். 12, 7, 4, 3, 1 என்றால் மூன்றாவது கட்டுரைக்கு 3க்குக் குறையாமல் இருக்கிறது, நாலாவதுக்கு 4 இல்லை. ஆக சுட்டெண் 3. தலா 300 மேற்கோளோடு மூன்றே கட்டுரைகள் எழுதியவருக்கும் அதே 3தான். உங்களிடம் இருப்பது ஒரு கட்டுரை என்பதால் சுட்டெண் 1க்கு மேல் போகவே முடியாது, அந்தக் கட்டுரை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும். விண்ணப்பத்தில் எண்ணை மட்டும் எழுதாமல் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்றும் எழுதுங்கள். கீழே இரண்டு வரி இடம் இருந்தால் அந்த நாலு பேர் உங்கள் கட்டுரையை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று குறிப்பிடுங்கள். உங்கள் படலம் செய்யும் முறையை ஒருவர் அப்படியே பின்பற்றியிருந்தால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இலக்கிய மீளாய்வுக்கும் இதே கண் வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் ஸ்கொலரில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடும் பெட்டியை அடையாளமிட்டு “கைட்டோசன்”, “குறுக்கீடு” போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். உங்கள் நீலக் குழாயை ஏற்கெனவே பார்த்துத் தவித்தவர் யாராவது அங்கே இருப்பார். மற்றவர் பட்டியலிலிருந்து உசாத்துணையைப் பிரதிபண்ணாதீர்கள். தவறான பக்க எண்ணும் அப்படியேதான் கட்டுரைக்குக் கட்டுரை பரவுகிறது. உசாத்துணைகளைச் சேமிக்கும் சொட்டேரோ மென்பொருளில் சேமித்தால் மீளப்பெறப்பட்ட கட்டுரைக்கு அது எச்சரிக்கை காட்டும். இலங்கைச் சஞ்சிகைகளை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் இலவசமாகப் படிக்கலாம், வல்லாரை பற்றி அங்கே தேடாமல் விடாதீர்கள். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகரையும், மெயிற்லண்ட் பிளேசிலுள்ள தேசிய விஞ்ஞான நூலகத்தையும் கேளுங்கள்.

விண்ணப்பம் அனுப்புமுன் உங்கள் பெயரையும் ஒருமுறை தேடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் தகப்பன் பெயர் கடைசியில், இன்னொன்றில் சொந்தப் பெயர் கடைசியில், கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மாறினால் தரவுத்தளத்தில் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார், மேற்கோளும் மூன்றாகப் பிரியும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் என்ற 16 இலக்க எண்ணை இலவசமாகப் பெறலாம், பத்து நிமிட வேலை. ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, பழைய கட்டுரையை அதில் இணைத்து, ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால் ஒன்றாக்கும்படி கேளுங்கள். திருத்தம் வரச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் முடிவுத் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்யுங்கள்.