பெந்தெகொஸ்தே சபைகளில் பிஷப் என்பவர் யார்?

பல சபைகளையும் அவற்றின் போதகர்களையும் கண்காணிக்கும் மூத்த ஊழியர்தான் பிஷப். பெரும்பாலும் ஊழியத்தின் பலன் முதலில் வரும், பட்டம் பிறகுதான். காரணம் எளிது: மிஷனரி ஒருவர் ஊர் ஊராகச் சபை தொடங்குவார். சபைகள் பெருகியதும் போதகர்களை நியமிக்க, பிணக்குத் தீர்க்க ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பு அவரிடமே வந்து சேரும். தானும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மற்ற மருத்துவர்களை வழிநடத்தும் தலைமை மருத்துவர் மாதிரி.

அமெரிக்காவின் சார்லஸ் ஹாரிசன் மேசன் நல்ல உதாரணம். கறுப்பினத்தவர், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் போதகராக இருந்தவர். 1907-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய், அந்நிய பாஷை பேசும் (பரிசுத்த ஆவியால் தானறியாத மொழியில் பேசுவதாக நம்பப்படும்) அனுபவத்தோடு திரும்பினார். உடன் ஊழியர் சார்லஸ் ஜோன்ஸ் அதை ஏற்கவில்லை, இருவரும் சேர்ந்து நடத்திவந்த இயக்கம் உடைந்தது. மெம்ஃபிஸை மையமாகக் கொண்ட ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ சபையை 1961-இல் இறக்கும்வரை மேசனே பிஷப்பாக இருந்து நடத்தினார். இனப்பிரிவினை இறுகியிருந்த அந்நாளில் வெள்ளை ஊழியர்களுக்கும் அவர் அபிஷேகம் செய்துவைத்தது சாதாரண விஷயமல்ல.

எல்லாப் பெந்தெகொஸ்தே சபையிலும் பிஷப் உண்டு என்று நினைக்க வேண்டாம்: அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையில் அந்த இடத்தில் இருப்பவர் சூப்பரின்டென்டென்ட்.